மெயில் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு வரும் பிழைகள்: மதுரைச் சிறு அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, அப்டேட் கேட்டுச்சு, ஓகே கொடுத்தோம். இப்ப மெயிலெல்லாம் போச்சுண்ணே."

மதுரையில் சிறு அலுவலகங்களுக்குக் கணினி பராமரிக்கும் யாரும் இந்த போனைக் கேட்டிருப்பார்கள். கப்பலூர் தொழிற்பேட்டை, புதூர், மாசி வீதிகளின் ஜவுளிக் கணக்கு அறைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் என்று எங்கிருந்தும் வரும். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெயில் எங்கேயும் போயிருக்காது. மென்பொருள் அதைத் தேடும் இடம் மாறியிருக்கும், அல்லது சர்வர் பழைய முறையில் பேச மறுத்திருக்கும். ஆனால் நாம் போய்ச் சேர்வதற்குள் பதற்றத்தில் யாராவது மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து, அக்கவுன்ட்டை நீக்கி, கண்ணில் பட்ட ஃபோல்டரையும் அழித்திருப்பார்கள். உண்மையான இழப்பு அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. இந்த வழிகாட்டியை எழுதக் காரணமே அந்த அரை மணி நேரம்தான்.

சிறு அலுவலகங்களில் அதிகம் பார்ப்பது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் என்பதால் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அவுட்லுக் பற்றிக் கடைசிப் பகுதியில் தனியாக இருக்கிறது.

முதலில் எதையும் அழிக்காதீர்கள்

பிழை வந்ததும் செய்ய வேண்டியது மூன்று வேலைகள். ஒன்று, திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே போனில் படம் எடுங்கள். 'ஏதோ எரர் வந்தது' என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. அந்தச் செய்தியில் சர்வர் பெயரும் காரணமும் பாதிக்கு மேல் இருக்கும். இரண்டு, ப்ரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். ஜிமெயில் என்றால் ஜிமெயில் பக்கம், சொந்த டொமைன் என்றால் ஹோஸ்டிங் கொடுத்த வெப்மெயில் பக்கம். அங்கே மெயில்கள் இருந்தால் பிரச்சினை உங்கள் கணினியோடு முடிந்துவிடுகிறது, மூச்சு விடலாம். அங்கேயும் உள்ளே நுழைய முடியாவிட்டால் மென்பொருளைக் குடைந்து பயனில்லை, அக்கவுன்ட்டைத்தான் பார்க்க வேண்டும். மூன்று, 'ஹெல்ப்' மெனுவில் 'அபவுட் தண்டர்பேர்ட்' திறந்து பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள்.

பழைய பதிப்பை மறுபடி மேலே போட்டுவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். புதிய பதிப்பு ஒருமுறை திறந்த தரவைப் பழைய பதிப்பு ஏற்காது. பழைய பதிப்பைத் திறந்துவிட்டீர்கள், புது ப்ரொஃபைல் உருவாக்கவா என்று ஒரு எச்சரிக்கை வரும். அவசரத்தில் சரி என்று கொடுத்தால் காலியான ஒரு மெயில் பெட்டி வந்து நிற்கும். பிழை ஒன்றாக இருந்தது இரண்டாகிவிடும்.

நகல் எடுப்பது

தண்டர்பேர்டில் உங்கள் மெயில், முகவரிப் புத்தகம், பாஸ்வேர்டு, ஃபில்டர் எல்லாம் 'ப்ரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கின்றன. மென்பொருள் இருக்கும் இடம் வேறு, இது இருக்கும் இடம் வேறு. அதனால்தான் மென்பொருளை நீக்கினாலும் மெயில் பிழைத்துக்கொள்கிறது. 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிக்கு எதிரே 'ஓப்பன் ஃபோல்டர்' பொத்தான் இருக்கும். மென்பொருளே திறக்காவிட்டால் சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், ப்ரொஃபைல்ஸ் என்று உள்ளே போக வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டும் டிக்கைப் போட்டால் தெரியும்.

இப்போது தண்டர்பேர்டை முழுமையாக மூடுங்கள். டாஸ்க் மேனேஜரிலும் அது ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 'ப்ரொஃபைல்ஸ்' மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ள 'தண்டர்பேர்ட்' ஃபோல்டரையே முழுதாக வேறு டிரைவுக்கு நகலெடுங்கள். எந்த ப்ரொஃபைலைத் திறப்பது என்று குறித்து வைத்திருக்கும் சிறு கோப்புகள் அந்த மேல் ஃபோல்டரில்தான் இருக்கின்றன.

இதில் இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பென்டிரைவில் நகலெடுக்கும்போது இடம் தாராளமாக இருந்தும் 'ஃபைல் டூ லார்ஜ்' என்று வரும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில்கள் முழுவதையும் ஒரே கோப்பாக வைக்கிறது. இணைப்புகளோடு வருடக்கணக்கில் சேர்ந்த இன்பாக்ஸ் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, சி டிரைவ் நிறைந்துவிடும் என்று முன்பு யாரோ மெயில் ஃபோல்டரை மட்டும் டி டிரைவுக்கு மாற்றி வைத்திருக்கலாம். 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' உள்ளே 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தின் அடியில் 'லோக்கல் டைரக்டரி' என்ற பெட்டி இருக்கும். அதில் உள்ள முகவரி ப்ரொஃபைலுக்கு வெளியே இருந்தால் அந்த ஃபோல்டரையும் தனியாக நகலெடுக்க வேண்டும். இதைப் பார்க்காமல் எடுத்த பேக்கப்பில் மெயிலே இருக்காது.

பாப் கணக்கா, ஐமேப் கணக்கா?

பாப், ஐமேப் இரண்டும் சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் முறைகள். நகல் எடுத்த பிறகு உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாம் இதைப் பொறுத்தது. 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கும். ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, உங்கள் கணினியில் இருப்பது பிரதி. கெட்டுப்போனாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பாப் என்றால் அந்தக் கணினியில் இருப்பதே மூலமாக இருக்கலாம். அதை அழித்தால் போனது போனதுதான்.

பழைய அலுவலகங்களில் பாப் இன்னும் நிறைய இருக்கிறது. ஹோஸ்டிங்கில் இடம் குறைவு என்பதால் அன்றைக்கு அப்படி அமைத்தார்கள், தப்பில்லை. ஆனால் பாப் அக்கவுன்ட்டை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால், எது வரை மெயில் இறக்கினோம் என்ற குறிப்பு தொலைந்துவிடும். சர்வரில் மிச்சம் இருக்கும் அத்தனை மெயிலும் மறுபடி இறங்கி, ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக நிற்கும். எனவே பாப் கணக்கில் நீக்கிச் சேர்ப்பது கடைசி வழி.

திறந்தால் எல்லாம் காலி

புதிதாக அக்கவுன்ட் சேர்க்கச் சொல்லும் வரவேற்புத் திரை வந்து நிற்கிறதா? மக்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சரி செய்வது சுலபமும் இதுதான்.

தண்டர்பேர்ட் 68-ஆம் பதிப்பிலிருந்து, கணினியில் ஒவ்வொரு இடத்தில் நிறுவப்பட்ட மென்பொருளுக்கும் ஒரு தனி ப்ரொஃபைல் என்று வைத்துக்கொள்கிறது. 32 பிட் பதிப்பு வைத்திருந்த கணினியில் 64 பிட் பதிப்பை நிறுவினால் அது வேறொரு ஃபோல்டரில் போய் உட்காரும். மென்பொருள் தன்னைப் புதிய ஆளாக நினைத்துப் புது ப்ரொஃபைலைத் திறந்துவிடும். உங்கள் பழைய ப்ரொஃபைல் அதே இடத்தில் பத்திரமாக இருக்கும். நம் வீட்டுச் சாமான் நம் வீட்டிலேயே இருக்க, பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து பார்த்துக் காலியாக இருக்கிறதே என்று அலறுவது போன்ற நிலை இது.

வரவேற்புத் திரையில் எதையும் நிரப்பாமல் மூடுங்கள். மறுபடி 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்துக்குப் போனால் 'அபவுட் ப்ரொஃபைல்ஸ்' என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் இரண்டு அல்லது மூன்று ப்ரொஃபைல்கள் தெரியும். எது பழையது என்று பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் ஃபோல்டரையும் திறந்து அளவைப் பாருங்கள். சில ஜிபி இருப்பது உங்களுடையது, சில எம்பி மட்டும் இருப்பது நேற்றுப் பிறந்தது. பழையதை 'செட் ஆஸ் டீஃபால்ட் ப்ரொஃபைல்' கொடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஃபோல்டர்கள் இருக்கின்றன, உள்ளே மெயில் மட்டும் இல்லை என்றால் விஷயம் வேறு. முதலில் 'குவிக் ஃபில்டர்' பட்டியைப் பாருங்கள். படிக்காதவை மட்டும், நட்சத்திரம் போட்டவை மட்டும் என்று ஏதாவது அழுத்தப்பட்டிருந்தால் மற்ற மெயில்கள் மறைந்துதான் இருக்கும். அதுவும் இல்லையென்றால் அந்த ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்' போய், 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள். ஒவ்வொரு மெயில் கோப்புக்கும் எம்எஸ்எஃப் என்று முடியும் ஒரு அட்டவணைக் கோப்பு துணையாக இருக்கிறது. மேம்படுத்தும்போது மின்சாரம் போனாலோ கணினி தானாக அணைந்தாலோ கெடுவது பெரும்பாலும் அந்த அட்டவணைதான். ரிப்பேர் அதைப் புதிதாகக் கட்டித் தருகிறது.

ஜிமெயில் ஐமேப் வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். ஐமேப்பில் ரிப்பேர் கொடுத்தால் அந்த ஃபோல்டர் முழுவதும் மறுபடி சர்வரிலிருந்து இறங்கும். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பி வரைதான் இறக்க ஜிமெயில் அனுமதிக்கிறது. எல்லா ஃபோல்டருக்கும் வரிசையாக ரிப்பேர் கொடுத்துவிட்டால் அளவு தாண்டி, அக்கவுன்ட்டே சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை மென்பொருளில் திறக்காது. அப்போது பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து அதையும் மாற்றி, சிக்கலைப் பெரிதாக்கிக்கொள்வார்கள். ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர். 'ஆல் மெயில்' பக்கம் போகவே வேண்டாம்.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால்

பாஸ்வேர்டு சரிதான், ப்ரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது, தண்டர்பேர்ட் மட்டும் ஏற்கவில்லை என்றால் காரணம் பாஸ்வேர்டு அல்ல, அதைக் கொடுக்கும் முறை. 2022 மே 30-லிருந்து தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய வழியை கூகுள் மூடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டும் அலுவலகக் கணக்குகளுக்கு 2022 அக்டோபரிலும், தனிநபர் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-லும் அதையே செய்தது.

இதற்கான வழி 'ஓஆத்2', அதாவது பாஸ்வேர்டை மென்பொருளிடம் கொடுக்காமல், மெயில் நிறுவனத்தின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தரும் முறை. 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்டு' இருந்தால் 'ஓஆத்2' என்று மாற்றுங்கள். பிறகு 'செட்டிங்ஸ்', 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' போய் அந்தக் கணக்குக்குச் சேமித்திருக்கும் பழைய பாஸ்வேர்டுகளை நீக்குங்கள். அதே பக்கத்தில் குக்கீகளை ஏற்கும் டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கூகுள் நுழைவு ஜன்னல் வந்து வந்து போகும், உள்ளே விடாது. மூடித் திறந்தால் கூகுளின் நுழைவுப் பக்கம் வரும், அனுமதி கொடுத்தால் முடிந்தது.

தொழில்நுட்பத்தைவிட இங்கே அதிகம் மாட்டுவது வேறொன்று. நுழைவுப் பக்கம் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி, இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன பையனின் நம்பருக்குப் போகும். அலுவலக மெயிலை அவன்தான் அன்று தன் போனில் உருவாக்கினான். அவனைத் தேடிப் பிடித்து, அவன் நம்பரை மாற்றியிருந்தால் அதற்கும் வழி பார்த்து என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான் மனதாரக் கேட்டுக்கொள்வது இது: மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே அலுவலக மெயிலின் மீட்பு எண் முதலாளியின் எண்தானா என்று பாருங்கள். இன்றைக்கே பார்த்துவிடலாம்.

டேலியிலிருந்து நேரடியாக இன்வாய்ஸ் அனுப்புபவர்களும், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பிரின்டர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓஆத்2 வசதி இல்லாத சாதனங்களுக்கு கூகுள் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' தருகிறது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இயக்கத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும். கூகுள் பாஸ்வேர்டை நீங்கள் மாற்றிய நொடியே ஏற்கெனவே எடுத்த ஆப் பாஸ்வேர்டுகள் செல்லாமல் போகும். தண்டர்பேர்டைச் சரிசெய்யப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மறுநாள் டேலியில் மெயில் போகவில்லை என்று தவிப்பது இதனால்தான்.

சர்வரோடு இணைய மறுத்தால்

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் அலுவலகங்களில் இது அதிகம். சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழ் சரியில்லை என்று ஒரு ஜன்னல் வரும், அல்லது எந்தச் செய்தியும் இல்லாமல் கீழே 'கனெக்டிங்' என்றே நிற்கும்.

முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். இரவு கடை சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அப்போது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரிதான் கடிகாரத்தை ஓட வைக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டால் காலையில் கணினி ஏதோ பழைய வருடத்தில் விழிக்கும். இன்று வழங்கிய சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே மென்பொருள் ஏற்காது. தேதியைத் திருத்தினால் உடனே சரியாகும். பேட்டரியை மாற்றினால்தான் மறுநாளும் சரியாக இருக்கும். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பொருள் அது.

தேதி சரி என்றால் சர்வர் பெயர். குறைந்த விலைப் பகிர்வு ஹோஸ்டிங்கில் பல டொமைன்கள் ஒரே சர்வரில் இருக்கும். அதன் சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருக்க, உங்கள் மென்பொருளில் 'மெயில் புள்ளி உங்கள் டொமைன்' என்று எழுதியிருக்கும். பெயர்கள் பொருந்தாது. முன்பு யாரோ 'எக்ஸெப்ஷன்' (பரவாயில்லை, ஏற்றுக்கொள் என்ற விதிவிலக்கு) கொடுத்துத் தாண்டியிருப்பார்கள், ப்ரொஃபைல் மாறியதும் அது மறுபடி கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எக்ஸெப்ஷன் கொடுப்பதைவிட, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் உங்கள் மெயில் கணக்குக்கு எதிரே 'கனெக்ட் டிவைசஸ்' திறந்து, அதில் காட்டும் சர்வர் பெயரை அப்படியே போடுவதே சரியான வழி. போர்ட் எண்கள் வழக்கமாக ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, இரண்டுக்கும் 'எஸ்எஸ்எல் டிஎல்எஸ்'.

இதெல்லாம் சரியாக இருந்தும் சத்தமில்லாமல் தோற்றால் சர்வரின் வயதைச் சந்தேகியுங்கள். 2020-இல் வந்த தண்டர்பேர்ட் 78, டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பாதுகாப்பு முறைகளை இயல்பாகவே நிறுத்திவிட்டது. வருடக்கணக்கில் தொடாத ஒரு மெயில் சர்வர் டிஎல்எஸ் 1.2 பேசத் தெரியாமல் இருந்தால் புதிய பதிப்பு அதனோடு பேசாது. 'செட்டிங்ஸ்' பக்கத்தின் அடியில் 'கான்ஃபிக் எடிட்டர்' உள்ளே போய், டிஎல்எஸ் மினிமம் வெர்ஷன் மதிப்பை 3-லிருந்து 1-க்கு மாற்றச் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. அவசரத்துக்கு ஒரு நாள் அதைச் செய்து மெயிலை எடுத்துக்கொள்ளலாம். அப்படியே விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன். வங்கி விவரங்களும் இன்வாய்ஸும் போகும் பாதை அது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சர்வரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

மிச்சம் இருப்பது ஆன்டிவைரஸ். மென்பொருள் மாறியதும் அதன் ஃபயர்வால் புதிய ஆளைத் தடுக்கும். சில ஆன்டிவைரஸ்கள் மெயிலை இடையில் திறந்து பார்க்கத் தங்கள் சான்றிதழையே செருகும், அதைத் தண்டர்பேர்ட் நம்பாது. மெயில் ஸ்கேன் வசதியை மட்டும் பத்து நிமிடம் அணைத்துச் சோதியுங்கள். அதுதான் காரணம் என்றால் ஃபயர்வாலில் தண்டர்பேர்டுக்கு அனுமதி கொடுத்து, ப்ரொஃபைல் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

மெயில் வருகிறது, போகவில்லை

வரும் சர்வரும் போகும் சர்வரும் தனித்தனி. வரும் பக்கத்தில் ஓஆத்2 மாற்றியவர்கள் போகும் பக்கத்தை மறந்துவிடுவார்கள். 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' இடது பட்டியலின் கடைசியில் 'அவுட்கோயிங் சர்வர்' இருக்கிறது. அங்கேயும் அதே முறைக்கு மாற்ற வேண்டும். போர்ட் 25 என்று இருந்தால் அதை 587 ஆக்கி 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' கொடுங்கள், அல்லது 465 வைத்து 'எஸ்எஸ்எல் டிஎல்எஸ்' கொடுங்கள். பல இணைய நிறுவனங்கள் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன. 'ரிலே' என்ற சொல்லோடு 550 எண் பிழை வந்தால் பெரும்பாலும் போகும் சர்வருக்குப் பயனர் பெயர் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

சிவகாசி அச்சகத்துக்கு டிசைன் அனுப்புபவர்களுக்கு ஒரு விஷயம். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி என்றாலும் இணைப்புக் கோப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு வரை பருத்துவிடும். 20 எம்பி கோப்பே திரும்பி வரலாம். அது புதிய பதிப்பின் கோளாறு இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி அதன் லிங்க்கை அனுப்புங்கள்.

முகம் மாறியது, வேகம் குறைந்தது

2023-இல் வந்த 115-ஆம் பதிப்பு தோற்றத்தையே மாற்றியது. மெனு பட்டியைக் காணவில்லை என்றால் ஆல்ட் விசையை அழுத்துங்கள், தெரியும். மெயில்கள் அட்டை அட்டையாகத் தெரிவது பிடிக்கவில்லை என்றால் பட்டியலின் மேல் மூலையில் உள்ள சிறு பொத்தானில் 'டேபிள் வியூ' தேர்ந்தெடுக்கலாம். மெயில் படிக்கும் கட்டம் மறைந்திருந்தால் எஃப்8. வயதானவர்கள் பயன்படுத்தும் கணினியில், மூன்று கோடு மெனுவில் உள்ள 'ஃபான்ட் சைஸ்', 'டென்சிட்டி' இரண்டையும் மாற்றிக் கொடுங்கள். எங்கள் பக்கம் கணக்குப்பிள்ளைகள் பலர் இருபது வருடமாக ஒரே திரையைப் பார்த்துப் பழகியவர்கள். அவர்களிடம் போய் இதுதான் புதுசு, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

முதல் நாள் மெதுவாக ஓடுவது இயல்பு. பின்னால் தேடல் அட்டவணை கட்டிக்கொண்டிருக்கும். ஒரு இரவு ஓட விடுங்கள். அதன் பிறகும் தேடினால் பாதி மெயில்தான் வருகிறது என்றால், மென்பொருளை மூடிவிட்டு ப்ரொஃபைலில் 'குளோபல் மெசேஜஸ் டிபி' என்ற கோப்பைப் பெயர் மாற்றி வையுங்கள். திறந்ததும் புதிதாகக் கட்டிக்கொள்ளும். திறக்கும்போதே உறைந்து நின்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறங்கள். 'ட்ரபிள்ஷூட் மோட்' வரும். அதில் நன்றாக ஓடினால் குற்றவாளி ஆட்-ஆன், அதாவது மென்பொருளில் கூடுதலாகச் சேர்த்த துணைக்கருவி. எல்லாவற்றையும் அணைத்து ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

பழைய தமிழ் மெயில்கள் குப்பையாகத் தெரிந்தால்

இதைப் பற்றி வெளியூர் வழிகாட்டிகள் எழுதுவதில்லை, நமக்கோ இது முக்கியம். பள்ளிகள், கோயில் டிரஸ்டுகள், பதிப்பகங்கள், வக்கீல் அலுவலகங்கள் வைத்திருக்கும் 2000-களின் மெயில்களில் கணிசமானவை யூனிகோடில் இல்லை. அவை டாம், டாப், டிஸ்கி, பாமினி, வானவில் என்று வெவ்வேறு எழுத்துருக் குறியீட்டில் இருக்கின்றன. டாம், டாப் இரண்டையும் தமிழக அரசு 1999-இல் தரப்படுத்தியது. யூனிகோடை அரசின் தரமாக ஏற்றது 2010-இல். இடைப்பட்ட காலத்து மெயில்கள் அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும்.

புதிய கணினி அல்லது புதிய பதிப்பில் இவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து தெரிந்தால், மெயில் கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து நிறுவுங்கள். பிறகு 'செட்டிங்ஸ்' பக்கத்தில் எழுத்துருப் பகுதியின் 'அட்வான்ஸ்டு' திறந்து, மெயில்கள் வேறு எழுத்துருக்களைப் பயன்படுத்த அனுமதிக்கும் டிக்கைப் போடுங்கள். அதே ஜன்னலில் மொழிப் பட்டியலில் 'தமிழ்' தேர்ந்தெடுத்து நிர்மலா யூஐ அல்லது லதா என்று வைத்தால் யூனிகோடு மெயில்களும் ஒழுங்காகத் தெரியும். முக்கியமானவற்றை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிச் சேமித்து வைப்பது நல்லது. அந்த எழுத்துருக்கள் இன்னும் எத்தனை கணினிகளில் மிஞ்சும்?

யூனிகோடு மெயிலே கலைந்து தெரிவதும் உண்டு. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால் அது நல்ல யூனிகோடு தமிழ்தான், மென்பொருள் தப்பாக வாசிக்கிறது. 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' கொடுத்துப் பாருங்கள்.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு

அப்டேட்டுக்குப் பிறகு அவுட்லுக் வேறு மாதிரி தெரிந்து, பழைய ஃபோல்டர்கள் இல்லை என்றால் நீங்கள் 'நியூ அவுட்லுக்'குக்குள் போயிருக்கிறீர்கள். மேல் வலது மூலையில் உள்ள சுவிட்சை அணைத்தால் பழையதே திரும்பும். பெயர் ஒன்று என்றாலும் இரண்டும் வேறு வேறு மென்பொருள்கள். டேலி, ஸ்கேனர் போன்றவற்றுக்காகப் போட்டிருந்த பழைய 'காம் ஆட்-இன்' வகைத் துணைக்கருவிகள் புதியதில் இயங்காது. ஐமேப் கணக்கைப் புதியதில் சேர்த்தால் மெயில்கள் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் நகலாகின்றன. வாடிக்கையாளர் ஆவணம் வைத்திருக்கும் ஆடிட்டர்கள் அதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். விண்டோஸ் 10-உடன் வந்த பழைய 'மெயில்' செயலியின் ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது, அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

பழைய அவுட்லுக்கில் மெயில்கள் பிஎஸ்டி கோப்பில் இருக்கும். அதன் இயல்பான உச்ச அளவு 50 ஜிபி. அதை நெருங்கினாலே தகராறு தொடங்கும். 0எக்ஸ்8004010எஃப் என்று வந்தால் அந்தக் கோப்பை அவுட்லுக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். கன்ட்ரோல் பேனலில் 'மெயில்' திறந்து 'டேட்டா ஃபைல்ஸ்' பகுதியில் பாதை சரியா என்று பாருங்கள். 0எக்ஸ்800சிசிசி0ஈ என்றால் சர்வரோடு இணைய முடியவில்லை, மேலே சொன்ன போர்ட், தேதி, ஆன்டிவைரஸ் வரிசையில் போங்கள். கோப்பு கெட்டிருந்தால் ஆபிஸ் ஃபோல்டரிலேயே 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற கருவி இருக்கிறது. நகல் மீதுதான் அதை ஓட்ட வேண்டும், மூலத்தின் மீது வேண்டாம்.

நாள் பார்த்துச் செய்யுங்கள்

மாதத்தின் 7 டிடிஎஸ் கட்டும் கெடு, 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு நாட்களில் மென்பொருளைத் தொடாதீர்கள். போர்டல் ஓடிபி மெயிலுக்கும் வருகிறது. தூத்துக்குடியில் சரக்கு ஏற்றும் நாளில் ஏற்றுமதியாளர்களும் அப்படியே. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளும் வேண்டாம், யூபிஎஸ் பேட்டரி வலுவாக இல்லாத கணினியில் எந்த நாளும் வேண்டாம். மாதக் கடைசிக்கு முந்தைய வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை பொதுவாக நன்றாக அமையும்.

2025 மார்ச்சிலிருந்து தண்டர்பேர்ட் மாதம் ஒரு பதிப்பை இயல்பாகத் தருகிறது. அலுவலகத்துக்கு வருடம் ஒருமுறை பெரிதாக மாறும் 'இஎஸ்ஆர்' பதிப்பே என் பரிந்துரை. மாதப் பதிப்புக்குப் போய்விட்டு இஎஸ்ஆருக்குத் திரும்புவதையும் மென்பொருள் பழைய பதிப்புக்குப் போவதாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகு உங்கள் போனிலிருந்து அலுவலக மெயிலுக்கு, தமிழில் தலைப்பு வைத்து, ஒரு பிடிஎஃப் இணைத்து அனுப்புங்கள். வந்ததா, தலைப்பு தமிழாகத் தெரிகிறதா, இணைப்பு திறக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் அனுப்பி, போனில் கிடைத்ததா என்று பாருங்கள். அப்புறம் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு மெயிலைத் தேடித் திறங்கள். முதலில் எடுத்த நகலை உடனே அழிக்க வேண்டாம். ஒரு ஜிஎஸ்டி மாதம் முழுதாகக் கழிந்து, யாரும் எதையும் காணோம் என்று சொல்லவில்லை என்றால் அப்போது அழிக்கலாம்.